திருச்சிராப்பள்ளியில் உயிர்ப்பு: வாதமேடையிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் வந்து இறங்கும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மற்ற நாட்களில் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகின்றன. நவம்பர் 2 நெருங்கும்போது கிறிஸ்தவக் குடும்பங்களும் பூ வாங்கக் கிளம்பிவிடுகின்றன. அன்று கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சமாதியின் மேல் பூவாலேயே ஒரு சிலுவை போட்டு, மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் ஏற்றிவைத்து, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை காத்திருப்பார்கள். பிள்ளைகள் கல்லறைக்குக் கல்லறை தாவிக்கொண்டிருக்கும். துக்க வீட்டின் இறுக்கம் அங்கே இருக்காது.

கிறிஸ்தவத்தில் உயிர்ப்பு என்றதும் ஈஸ்டரைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். கி.பி. 55 வாக்கில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் இதைத் தயவுதாட்சண்யமின்றிச் சொல்லிவிடுகிறார்: கிறிஸ்து எழவில்லை என்றால் பிரசங்கமும் வீண், விசுவாசமும் வீண். கிறிஸ்து எழுந்ததால் இறந்த மற்றவர்களும் எழுவார்கள் என்பது அவருடைய அடுத்த படி. இந்த இரண்டாவது படிதான் திருச்சி வட்டாரத்தில் நானூறு ஆண்டுகளாக அதிகம் சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சோதனை வாதமேடையில் தொடங்கியது. முடிவு தெரியாமல் இன்னும் நடப்பது கல்லறைத் தோட்டத்தில்.

இந்த நம்பிக்கை வந்து சேர்ந்த இடம் வெற்றிடம் அல்ல. மார்கழி வைகுண்ட ஏகாதசியில் பரமபத வாசல் திறக்கும் ஊர் ஸ்ரீரங்கம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாள்தோறும் பிதுர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப்படுகின்றன. மரபுக் கணக்கின்படி 1137-இல் பரமபதித்த இராமானுசரின் திருமேனி, பெரிய கோயிலில் அமர்ந்த கோலத்தில் இன்றும் இருப்பதாக வைணவர்கள் நம்புகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை அதற்குப் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள். ஆக, மகான் ஒருவரின் உடலைப் போற்றுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆன்மா உடல் மாறி உடல் எடுக்கும் என்று எண்ணிப் பழகிய ஊரில், இதே உடல் ஒரு நாள் எழும் என்று சொன்னதுதான் புதிது.

அதை முதலில் விரிவாகத் தமிழில் வாதாடியவர் தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இராபர்ட் தெ நொபிலி (1577–1656). 1606-இல் மதுரைக்கு வந்த இந்த இயேசு சபைத் துறவி, 1623-க்குப் பிறகு திருச்சி, சேலம் பக்கம் பணியை விரித்தார். அவர் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’. மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்கென்றே எழுந்த நூல் அது. ஒருவனுடைய தாழ்வும் நோயும் அவன் முற்பிறவியில் செய்த வினையின் கூலி என்ற கணக்கை அவர் ஏற்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. வினைக் கணக்கை மறுத்த அதே நொபிலி, சாதியை உலகியல் வழக்கம் என்று விட்டுவைத்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக அடையாளங்களே என்ற அவருடைய வாதத்தை, 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரெகோரி ஏற்றுக்கொண்டார். 1640 முதல் பல்தசார் த கோஸ்தா போன்ற ‘பண்டாரசாமிகள்’ ஒடுக்கப்பட்ட மக்களிடையே தனியாகப் பணியாற்றினார்கள். பிறவியால் வந்த தாழ்வுக்குப் பூர்வஜென்ம வினை காரணமில்லை என்று ஏட்டில் நிலைநாட்டியாயிற்று. தாழ்வு மட்டும் நடைமுறையில் இருந்த இடத்திலேயே இருந்தது. திருச்சிக் கிறிஸ்தவத்தின் பிற்கால வழக்குகள் பலவற்றுக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது.

வாதம் போன வழி ஒன்று. மக்கள் போன வழி இன்னொன்று. வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியைத் தளமாகக் கொண்டு, 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’ செய்தார். காப்பியத் தலைவரான சூசையின் சாவோடு கதையை அவர் முடிக்கவில்லை. சூசை வானுலகில் முடிசூடும்வரை கொண்டுபோகிறார். சாவைக் கடைசி அத்தியாயமாக வைக்க மறுக்கும் காப்பியம் அது. விராலிமலைப் பக்கம் உள்ள ஆவூரின் தேர்த்திருவிழா இன்றும் ஈஸ்டரை ஒட்டியே நடக்கிறது. தேர் இழுப்பது எப்படி என்று இந்த மண்ணுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பாடுகளின் நாடகமான ‘பாஸ்கு’ போடும் ஊர்களில், நள்ளிரவில் திரை விலகி, வெடிச்சத்தத்துக்கு நடுவே காவலர்கள் சரிந்து விழ, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் மேலே எழும்பும். தேர்ந்த இறையியலாளர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் மனசில் நிற்கும்படி உயிர்ப்பைச் சொன்னது எந்தச் சுவடியையும்விட அந்தக் கயிறும் கப்பியும்தான்.

சீர்திருத்த சபையாரின் கதை கோட்டைக்குள் தொடங்குகிறது. மிஷனரி கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடி வந்து, 1762-இல் திருச்சியை எட்டினார். மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம்வரை நடந்து போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுப்பது அவர் வழக்கம். அந்தக் காலத்தில் கோட்டை வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிப்பாய்கள் பலர் மாண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளுக்காக அவர் பள்ளி தொடங்கினார். ஆற்காட்டு நவாபும் பணம் கொடுத்தார். 1766 மே 18 அன்று அர்ப்பணமான கிறிஸ்து ஆலயம் இன்றும் தெப்பக்குளத்தை ஒட்டி நிற்கிறது. செத்தவர்கள் எழுவார்கள் என்று போதித்தவர், செத்தவர்களின் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் ஏற்பாடு செய்ததை இரண்டு தனி வேலைகளாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்த ஆலயத்துக்குக் கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் வந்தார். 1826 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, தஞ்சாவூரில் அவர் பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட வசனம், மரித்தும் சதாகாலமும் உயிரோடிருப்பதாகக் கிறிஸ்து தம்மைப் பற்றிச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்து வசனம். மாலை ஆராதனையில் தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். ஏப்ரல் 3 திங்களன்று விடியற்காலையில் திருச்சிக் கோட்டை ஆலயத்தில் திடப்படுத்தல் ஆராதனையை முடித்துவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியவர், குளிக்கும் தொட்டியில் மூழ்கி இறந்து கிடந்தார். வயது 42. சுற்றிலும் கதவுகளைத் திறந்துவிட்டால் மண்டபம்போல் காற்று வீசும் புனித யோவான் ஆலயத்தில், பலிபீடத்தின் பக்கமாக அவரைப் புதைத்தார்கள். ஈஸ்டர் பிரசங்கத்துக்கும் இந்த அடக்கத்துக்கும் இடையே ஒரு வாரச் சொச்சம்தான். புத்தூரில் உள்ள பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது.

ஹீபர் வந்த வேளையில் தஞ்சை மிஷன் ஒரு சச்சரவில் இருந்தது. ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதும், நற்கருணையில் சாதி பார்ப்பதும் கூடாது என்று இளம் மிஷனரிகள் கண்டித்தார்கள். சுவார்ட்ஸின் மாணாக்கரான கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சாதி ஆசாரம் நாட்டு வழக்கமே, அதில் பாவமில்லை என்று எதிர்வாதம் செய்தார். கிட்டத்தட்ட நொபிலியின் வாதம்தான், சபை மட்டும் வேறு. ஹீபர் மெல்லப் போக நினைத்தார். அவருக்குப் பின் வந்த பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதியைத் தயக்கமின்றி அறவே விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். 1835-இல் தாமே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். பலர் சபையை விட்டு விலகினார்கள்.

20-ஆம் நூற்றாண்டில் வழிபாடு மாறியது. கத்தோலிக்கர் நெடுங்காலமாக, ஈஸ்டருக்கு முந்திய இரவின் வழிபாடான பாஸ்காத் திருவிழிப்பைப் பெரிய சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடுவார்கள். இருட்டில் ஏற்றவேண்டிய திரியை வெயிலில் ஏற்றுவது எவ்வளவு வினோதம்! 1951-இல் சோதனையாகவும், 1956 முதல் கட்டாயமாகவும் போப் பன்னிரண்டாம் பயஸ் அதை இரவுக்கு மாற்றினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு அந்த இரவு தமிழில் பேசத் தொடங்கியது. மேலப்புதூர் மரியன்னை பேராலயத்திலோ பாலக்கரை சகாய மாதா கோயிலிலோ ஈஸ்டர் இரவில் நின்று பார்த்தால் தெரியும்: விளக்கெல்லாம் அணைந்திருக்க, பெரிய திரியிலிருந்து தீ ஆளுக்கு ஆள் கைமாறும், ‘உன்னதங்களிலே’ கீதம் பாடியதும் மணியும் மின்விளக்கும் ஒன்றாக எழும்பும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாருக்கு அதிகாலை ஆராதனைதான் ஈஸ்டர். நாலு மணிக்கே குளித்து, புதுத்துணி உடுத்திக் கிளம்பிவிடுவார்கள். திருச்சிக்கு மேற்கே குளித்தலைப் பக்கம், 1950-இல் பிரெஞ்சுக் குருக்களான மொன்ஷானெனும் லெ சோவும் நிறுவிய சாந்திவன ஆசிரமத்தில், கோபுரமும் விமானமும் கொண்ட கோயிலில் இதே பெருவிழா வேறொரு நிறத்தில் நடக்கிறது.

நடப்பு வாழ்க்கையில் உயிர்ப்பு எங்கே உரசுகிறது என்றால், திரும்பவும் கல்லறையில்தான். 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதித்தது. 2016-இல் வந்த அறிவுறுத்தல் இன்னும் ஒரு படி போய், தகனம் செய்தாலும் சாம்பலைக் காற்றிலோ நீரிலோ கரைக்கக்கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது, புனித இடத்தில் வைக்கவேண்டும் என்றது. காவிரிக்கரை ஊரில் இந்த விதிக்குக் கனம் அதிகம். கலப்புத் திருமணக் குடும்பங்களில் தாத்தாவின் அஸ்தி ஆற்றோடு போயிருக்கும், பாட்டி கல்லறைத் தோட்டத்தில் இருப்பாள். இருவரையும் நினைக்கப் பிள்ளைகள் இரண்டு இடங்களுக்குப் போவார்கள். இடநெருக்கடியில் தகனத்தை யோசிக்கும் குடும்பங்களிலும் பெரியவர்களின் தயக்கம் சுகாதாரம் பற்றியதல்ல. எழுந்து வர ஓர் இடம் வேண்டாமா என்பதுதான்.

அந்த இடத்தின் நடுவே ஒரு சுவரும் உண்டு. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளையும் மற்றவர்களின் கல்லறைகளையும் பிரித்து நின்ற மதிலின் ஒரு பகுதியை 2010-இல் பெரியார் இயக்கத்தினர் இடித்துக் கைதானார்கள். இடித்தவர்கள் உயிர்ப்பை நம்பாத நாத்திகர்கள். இதற்கு நூறாண்டு முன்பே, 1910-இல், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த தடுப்பைக் கௌசானல் அடிகளார் உடைத்தார். கோயில் உள்ளே முடிந்தது, கல்லறையில் முடியவில்லை. நிலம் யாருடையது, யார் கட்டியது, யார் அனுமதிக்க வேண்டும் என்று சட்டப்படி பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். பவுல் எழுதியதை வைத்துப் பார்த்தால், கடைசி எக்காளம் ஊதும்போது எழுபவர்கள் மதிலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எழுவதாக அவர் எங்கும் சொல்லவில்லை. திருச்சியின் தலித் கிறிஸ்தவர்கள் இந்த வாதத்தை நெடுங்காலமாக முன்வைக்கிறார்கள். நொபிலி வினைக்கோட்பாட்டிடம் கேட்ட கேள்வியை அவர்கள் நொபிலியின் சபையிடமே கேட்கிறார்கள்.