இரண்டாந் தடவை எழுதியவர்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் பாண்டிருப்பில் ஒரு வீட்டில் இனிப்புப் பகிர்வார்கள்; அடுத்த வீட்டில் கதவு சாத்தியிருக்கும். இன்று மருத்துவர்களாக இருக்கும் பழைய மாணவிகளாகிய நம்மிற் சிலர், சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு வருடம் இருந்தவர்கள். முதல் தடவையிலேயே தெரிவானவர்களின் பெயர்கள் பாடசாலைப் பலகையில் உள்ளன. மீண்டும் எழுதியவர்களின் வரலாறும் இம்மலரில் இடம்பெற வேண்டும் என்று விரும்பினோம்.

கொழும்பில் மருத்துவக் கல்வி 1870 இல் தொடங்கியது. பெண்களுக்கு அக்கதவு திறக்க 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமது பாடசாலை தொடங்கிய காலத்திலும் நாட்டில் இருந்தது அந்த ஒரேயொரு மருத்துவக் கல்லூரிதான். பேராதனையில் 1962 இலும் யாழ்ப்பாணத்தில் 1978 இலும் மருத்துவபீடங்கள் வந்தன. நமக்கு அண்மையில், மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் 2000களின் நடுப்பகுதியிலேயே உருவானது.

கதவுகள் கூடின, வாசற்படியின் உயரமோ அடிக்கடி மாறியது. 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தலின்போது மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400 க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அம்பாறையும் அப்பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஒரே இசட் புள்ளி ஒரு மாவட்டத்தில் போதும், இன்னொன்றில் போதாது.

மீண்டும் எழுதியோரை நேரடியாகத் தொட்ட நிகழ்வு 2011 இல் நடந்தது. பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியோரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 இல் உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்து, இரு பிரிவினருக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. அதே விடைத்தாள்கள், கணித்த முறை மாறியது, புள்ளியும் மாறியது.

வெட்டுப்புள்ளி என்பது அந்த வருடத்தின் இடங்களுக்கும் போட்டிக்கும் விதிக்கும் இடையிலான ஒரு கோடு. ஒரு பிள்ளை மருத்துவராகத் தகுதியற்றவள் என்ற தீர்ப்பு அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. நாம் இதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டோம்.

ஆனால் அதே முறையில் மறுபடியும் படித்தால் அதே பெறுபேறுதான் வரும். இசட் புள்ளி, ஒவ்வொரு பாடத்திலும் ஏனையோரின் சராசரியிலிருந்து நாம் எவ்வளவு விலகி நிற்கிறோம் என்பதை அளக்கிறது. மூன்று பாடங்களினதும் சராசரியே இறுதிப் புள்ளி. ஆகவே பிடித்த உயிரியலை மூன்றாம் முறை வாசிப்பதைவிட, இழுத்து வீழ்த்திய பௌதிகவியலில் பல்தேர்வில் தவறினோமா, அமைப்புக் கட்டுரையில் தவறினோமா என்று பிரித்துப் பார்த்ததே நமக்கு உதவியது. கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, புள்ளியிடும் திட்டத்துடன் நாமே திருத்தினோம்.

இன்னொரு எச்சரிக்கை. அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் எடுக்கப்படும். கிடைத்த வேறொரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், அடுத்த பெறுபேற்றைக் கொண்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு இல்லாமற் போகலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வருடக் கைநூலை வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம்.

பாடத்தைவிடக் கடினமாக இருந்தது, “இன்னுமா படிக்கிறாள்?” என்ற கேள்வி. ஆண்பிள்ளைக்கு இரண்டாந் தடவை முயற்சி. பெண்பிள்ளைக்கு அது கலியாணத்துக்குத் தாமதம். அந்த ஒரு வருடத்தை வீட்டாரிடம் கேட்டுப் பெற்றவர்களே நாம். சிலருக்கு அது கிடைக்கவில்லை. நம்மைவிடக் கெட்டிக்காரிகள் அவர்களில் இருந்தார்கள்.

கல்முனையிலோ கனடாவிலோ இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, அடுத்த பெறுபேறு வரும் நாளில் கதவு சாத்திய வீட்டுக்கும் போங்கள், அல்லது தொலைபேசி எடுங்கள். அந்தத் தாயிடமும் தகப்பனிடமும், பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் கொடுங்கள் என்று சொல்லுங்கள். நமக்காக அன்று யாரோ ஒரு அக்கா அப்படித்தான் வந்து சொன்னார்.