போதைப் பழக்கமும் தொழில்முறை விளையாட்டு லீக்குகளும்

கோகெயின், மது, வலிநிவாரணி மாத்திரை போன்றவற்றுக்கு அடிமையான வீரர்களை எப்படி நடத்துவது என்பதற்கு வட அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளும் தனித்தனி விதிகள் வைத்திருக்கின்றன. கூடைப்பந்தின் என்.பி.ஏ., பேஸ்பாலின் எம்.எல்.பி., அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல்., ஐஸ் ஹாக்கியின் என்.எச்.எல். ஆகியவையே அந்த நான்கு. ஊக்கமருந்துத் தடை இவற்றிலிருந்து வேறானது. ஊக்கமருந்து எடுப்பவர் எதிரணியை ஏமாற்றுகிறார். போதையில் விழுந்தவர் பெரும்பாலும் தன்னையும் தன் குடும்பத்தையும்தான் கெடுத்துக்கொள்கிறார். அவரைத் தண்டிப்பதா, குணப்படுத்துவதா என்ற கேள்விக்கு லீக்குகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகின்றன. சம்பளம் கொடுப்பவரும், மருத்துவருக்கு ஏற்பாடு செய்பவரும், தண்டனை விதிப்பவரும் ஒரே ஆள் என்பதுதான் சிக்கலின் வேர். விதிகள் பெரும்பாலும் வீரர் சங்கத்துடன் பேரம் பேசி எழுதப்படுபவை. அதனால் அவற்றில் மருத்துவத்தைவிடத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையின் சாயலே அதிகம்.

ஆணையர்களும் நடுத்தீர்ப்பாளர்களும்

பேஸ்பாலில் முதலில் கொள்கை என்று எதுவும் இருக்கவில்லை. ஆணையர் நினைத்ததே சட்டம். 1980இல் பந்துவீச்சாளர் ஃபெர்குசன் ஜென்கின்ஸ் கனடாவில் போதைப்பொருளுடன் கைதானார். ஆணையர் போவி கூன் உடனே அவரை இடைநீக்கம் செய்தார். வழக்கு முடியும் முன்பே தண்டிப்பது முறையல்ல என்று நடுத்தீர்ப்பாளர் அதை ரத்து செய்தார். 1983இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியைச் சேர்ந்த நால்வர் கோகெயின் வழக்கில் சிறை சென்றனர். 1985இல் பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தில், தங்கள் மீது வழக்குத் தொடரப்படாது என்ற உறுதியின் பேரில், நட்சத்திர வீரர்கள் பலர் சாட்சிக் கூண்டேறித் தாங்கள் கோகெயின் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டனர். மறு ஆண்டு ஆணையர் பீட்டர் யூபரோத் ஏழு பேருக்கு ஓராண்டுத் தடை அறிவித்தார். ஆனால் சம்பளத்தில் பத்து விழுக்காட்டைப் போதை ஒழிப்புப் பணிக்குக் கொடுத்து, சமூக சேவைக்கும் பரிசோதனைக்கும் உடன்பட்டால் ஆடலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார். ஏழு பேரும் அந்த வாசல் வழியாகவே வந்தனர்.

இந்தக் காலத்தின் தெளிவான உதாரணம் ஸ்டீவ் ஹோவ். 1980இல் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடி ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வென்றவர். ஏழு முறை இடைநீக்கம் செய்யப்பட்டவரும் அவரே. 1992இல் ஆணையர் ஃபே வின்சென்ட் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தார். அதே ஆண்டு நவம்பரில் நடுத்தீர்ப்பாளர் ஜார்ஜ் நிக்கோலாவ் அந்தத் தடையை நீக்கினார். ஹோவுக்கு ஆண்டு முழுவதும் இடைவிடாத பரிசோதனை தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தும் லீக் அதைச் செய்யவில்லை என்பது அவர் காட்டிய முக்கியக் காரணம். ஹோவ் 1996 வரை ஆடினார். 2006இல் வாகன விபத்தில் இறந்தபோது அவர் உடலில் மெத்தாம்ஃபெட்டமின் இருந்தது. தடை விதித்தவர், நீக்கியவர் இருவரில் யார் செய்தது சரி என்பதற்கு இந்த முடிவைச் சான்றாக எடுக்க முடியாது. இரு தரப்பும் அதைத் தன் வாதத்துக்குப் பயன்படுத்தலாம்.

1983: கூடைப்பந்தின் ஒப்பந்தம்

லீக்கும் சங்கமும் சேர்ந்து எழுதிய முதல் முழுமையான கொள்கை என்.பி.ஏ.யுடையது. 1983 செப்டம்பரில் அது கையெழுத்தானது. அதன் மையக் கருத்து எளிது: தானாக முன்வருபவரும் பிடிபடுபவரும் ஒன்றல்ல. முதல் முறை தானாக வந்து உதவி கேட்டால் அணியின் செலவில் சிகிச்சை, சம்பளத்துக்கும் குறைவில்லை. இரண்டாம் முறை சிகிச்சை உண்டு, சம்பளம் இல்லை. மூன்றாம் முறை லீக்கிலிருந்து நீக்கம். தானாக முன்வராமல் பரிசோதனையிலோ நீதிமன்றத்திலோ சிக்கினால் முதல் தடவையே வெளியேற்றம். நீக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிவர விண்ணப்பிக்கலாம். கண்டபடி பரிசோதிக்கும் உரிமையை லீக்குக்குச் சங்கம் கொடுக்கவில்லை. தகுந்த காரணம் இருப்பதாகச் சுயேச்சையான நிபுணர் ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் சிறுநீர் மாதிரி எடுக்க முடியும்.

1986 தொடக்கத்தில் ஜான் டிரூவும், நான்கு முறை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான மைக்கேல் ரே ரிச்சர்ட்சனும் நீக்கப்பட்டனர். 1988இல் ரிச்சர்ட்சனுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும் அவர் என்.பி.ஏ.வுக்கு வரவில்லை. இத்தாலியின் பொலோன்யாவில் ஆடப் போனார். அதே 1986இல் ஜூன் 19 அன்று, பாஸ்டன் செல்டிக்ஸ் தேர்ந்தெடுத்த இரண்டாம் நாள், 22 வயது லென் பயஸ் கோகெயினால் இறந்தார். அவர் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஆகவே லீக்கின் எந்த விதியும் அவரைத் தொட்டிருக்காது. அந்த மரணத்தின் அதிர்ச்சி அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், அதே ஆண்டு கடுமையான போதைப்பொருள் சட்டம் நிறைவேற உதவியது.

நீக்கம் எல்லோருக்கும் முடிவாக அமையவில்லை. 2006இல் நீக்கப்பட்ட கிறிஸ் ஆண்டர்சன் 2008இல் திரும்பி, 2013இல் மயாமி ஹீட் அணியுடன் கோப்பை வென்றார். ராய் டார்ப்லி இரண்டு முறை நீக்கப்பட்டவர். ஜான் லூகாஸின் கதை இன்னொரு வகை. 1986இல் ஹூஸ்டன் அணி அவரைக் கைவிட்டது. தெளிந்து வந்த பிறகு அவர் அதே ஹூஸ்டனில் போதையில் சிக்கிய வீரர்களுக்கான மறுவாழ்வுத் திட்டத்தை நடத்தினார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சியாளரும் ஆனார். லீக் வகுத்த எந்தத் திட்டத்தைவிடவும், அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்த ஒருவரை வீரர்கள் நம்பினார்கள் என்பதில் வியப்பில்லை.

ஹாக்கி: மூடிய கதவின் பின்னே

1989இல் டெட்ராய்ட் வீரர் பாப் புரோபர்ட் கனடா எல்லையில் கோகெயினுடன் பிடிபட்டார். என்.எச்.எல். அப்போது அறிந்த ஒரே மருந்து தடைதான். சிறையும் தடையும் முடிந்து அவர் 1990இல் திரும்பியபோதும், குடியேற்றச் சிக்கலால் 1992 இறுதி வரை அணியுடன் கனடாவுக்குப் போய் ஆட முடியவில்லை.

1996இல் லீக்கும் சங்கமும் கூட்டாகத் தொடங்கிய திட்டம் போக்கை மாற்றியது. வீரர் நேரடியாகத் திட்டத்தின் மருத்துவர்களைத் தொடர்புகொள்ளலாம். முதல் நிலையில் முழுச் சம்பளத்துடன் சிகிச்சை. அதன் நிபந்தனையை மீறினால் இரண்டாம் நிலை, சிகிச்சைக் காலம் முழுவதும் சம்பளமில்லை. மூன்றாம் நிலையில் குறைந்தது ஆறு மாதத் தடை. நான்காம் நிலையில் குறைந்தது ஓராண்டு, அதன் பிறகும் திரும்பலாம் என்ற உறுதி கிடையாது. வீரர் எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தார் என்று லீக் வெளியிடுவதில்லை. திட்ட நிர்வாகிகள் அனுமதித்ததும் அணிக்குத் திரும்புவார் என்ற ஒரே மாதிரி அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளும். மது, மனச்சோர்வு, சூதாட்டம் எல்லாவற்றுக்கும் அதே வாசகம்தான். இந்த மௌனத்தை ரசிகர்கள் குறைகூறுவதுண்டு. ஆனால் முன்வருவதற்குத் தயங்கும் ஒருவருக்கு அதுவே பெரிய துணை. ஒட்டாவா அணியின் பாபி ரயன் 2019 நவம்பரில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறப் போனார். 2020 பிப்ரவரியில் சொந்த மைதானத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார்.

திட்டம் தோற்ற இடங்களும் உண்டு. சண்டைக்கென்றே அணியில் வைக்கப்பட்டிருந்த டெரெக் பூகார்ட் 2011 மே மாதம், 28 வயதில், ஆக்சிகோடோனும் மதுவும் கலந்து இறந்தார். அப்போது அவர் திட்டத்தின் சிகிச்சையில்தான் இருந்தார். அவர் பழகிய மாத்திரைகளில் பல, அடிபட்ட கைக்கும் முதுகுக்கும் அணி மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தவை என்பது பின்னர் செய்தியாளர்களின் தேடலில் வெளிவந்தது. குடும்பம் லீக்கின் மீது தொடர்ந்த வழக்கு தள்ளுபடியானது. காயத்தோடு ஆடவைக்கும் வேலையும் அதனால் வரும் பழக்கத்தைத் தீர்க்கும் வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும்போது, இரண்டாவது முதலாவதற்கு அடங்கிப் போவதே வழக்கம். மறுபக்கம், 2024 மே மாதம் கொலராடோவின் வலேரி நிச்சுஷ்கின், கோப்பைச் சுற்றில் எட்டு ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்திருந்த நிலையில், அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டு ஆறு மாதத் தடை பெற்றார். அணியின் தேவையை அங்கே யாரும் கேட்கவில்லை.

வலிநிவாரணியும் கஞ்சாவும்

2010இல் பேஸ்பாலின் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி வெற்றியைக் கொண்டாடியபோது, ஜோஷ் ஹாமில்டனுக்காக ஷாம்பெயினை விட்டுவிட்டு இஞ்சிச் சோடாவைப் பீய்ச்சியடித்தது. 1999இல் புதுமுக வீரர் தேர்வில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, போதையால் பல ஆண்டுகளை இழந்து, திரும்பிவந்து அந்த 2010இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றவர் அவர். 2015இல் மீண்டும் சறுக்கியதும் தானே லீக்கிடம் சொன்னார். அப்போது அவர் இருந்த ஏஞ்சல்ஸ் அணி தண்டனையை எதிர்பார்த்தது. சிகிச்சைத் திட்டத்தை அவர் மீறவில்லை, தண்டிக்க இயலாது என்று நடுத்தீர்ப்பாளர் முடிவு செய்தார். சில வாரங்களில் அணி அவரைக் கைகழுவியது, மீதிச் சம்பளத்தின் பெரும்பங்கைத் தானே சுமந்துகொண்டு. விதி மன்னித்ததை முதலாளி மன்னிக்கவில்லை.

அதே ஏஞ்சல்ஸ் அணியின் டைலர் ஸ்காக்ஸ் 2019 ஜூலை 1 அன்று ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். ஃபெண்டனில், ஆக்சிகோடோன், மது மூன்றும் அவர் உடலில் இருந்தன. அந்த டிசம்பரில் எம்.எல்.பி.யும் சங்கமும் ஓபியாய்டு, கோகெயின் பரிசோதனைகளைச் சேர்த்தன. பாசிட்டிவ் வந்தவர் சிகிச்சைக் குழுவிடம் அனுப்பப்படுவார், ஒத்துழைக்க மறுப்பவருக்கே தண்டனை. கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு மதுவைப் போலக் கருதப்பட்டது. என்.எஃப்.எல். 2020 ஒப்பந்தத்தில் கஞ்சாவுக்கான அளவை 35 நானோகிராமிலிருந்து 150 ஆக உயர்த்தி, பாசிட்டிவ் வந்ததற்காக மட்டும் தடை விதிப்பதைக் கைவிட்டது. என்.பி.ஏ. 2023இல் கஞ்சாப் பரிசோதனையையே விட்டது.

கிரிக்கெட்டில்

வட அமெரிக்காவுக்கு வெளியே, கிரிக்கெட் பின்பற்றும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2021 விதித்தொகுப்பு கோகெயின் போன்றவற்றைத் தனி வகையாக்கியது. ஆட்டத்துக்கு வெளியே, ஆட்டத்திறனோடு தொடர்பின்றிப் பயன்படுத்தியிருந்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சையை முடித்தால் ஒரு மாதமாகக் குறையும். 2025இல் ஐ.பி.எல். நடுவே குஜராத் அணியை விட்டு ஊர் திரும்பிய ககிசோ ரபாடா இந்த விதியால்தான் ஒரு மாதத்தில் மீண்டு வந்தார்.

இங்கிலாந்து வாரியம் 2013இலிருந்து முடிமாதிரிப் பரிசோதனை செய்கிறது. இரண்டாம் முறை சிக்குபவருக்கு 21 நாள் தடையும் சம்பளத்தில் ஐந்து விழுக்காடு அபராதமும் என்ற விதிப்படி, 2019இல் அலெக்ஸ் ஹேல்ஸ் தண்டனையை ரகசியமாகவே அனுபவித்தார். செய்தி நாளிதழில் கசிந்ததும் உலகக் கோப்பை அணியிலிருந்து அவரை நீக்கினார்கள். நம்பிக்கை உடைந்துவிட்டது என்றார் அணித்தலைவர் இயான் மோர்கன். விதியில் இல்லாத அந்தத் தண்டனை மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. 2022இல் ஜானி பேர்ஸ்டோ காயமடைந்ததால் அழைக்கப்பட்ட ஹேல்ஸ், டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக 47 பந்தில் ஆட்டமிழக்காமல் 86 ரன் எடுத்தார்.