டக்ஸிடோவுக்கு யார் விலை கொடுத்தது?

கறுப்புக் கோட்டு, அதன் கழுத்து மடிப்பில் பளபளக்கும் பட்டுத்துணி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு ‘போ’. ஆஸ்கர் விழாவிலும் ஜேம்ஸ் பாண்ட் படங்களிலும் நாம் பார்த்துப் பழகிய உடை. இங்கிலாந்தில் இதை டின்னர் ஜாக்கெட் என்பார்கள். அமெரிக்காவில் டக்ஸிடோ. உடம்பு கறுப்பும் மார்பு வெள்ளையுமாக இருக்கும் பூனையைக்கூட அங்கே ‘டக்ஸிடோ பூனை’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். அந்தப் பூனை ஆணா பெண்ணா என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் இதே உடையைப் பெண் அணிந்தபோது காவல்துறையும் உணவகமும் பள்ளிக்கூடமும் கவலைப்பட்டிருக்கின்றன. அந்தக் கவலையின் வரலாறுதான் இது.

1865இல் லண்டன் சாவில் ரோ தெருவில் இருந்த ஹென்றி பூல் தையல் நிறுவனம், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு நீலப் பட்டில் ஒரு குட்டைக் கோட்டு தைத்துக் கொடுத்தது. அக்காலத்தில் மேல்தட்டு ஆண்களின் மாலை உடை, பின்புறம் வால்போல் நீண்டு தொங்கும் கோட்டு. இளவரசர் கேட்டதோ வீட்டில் நெருங்கியவர்களுடன் உண்ணும்போது வசதியாக அணிய ஒன்று. விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட, ஆண்கள் மதுவோடும் சுருட்டோடும் உட்கார்ந்து பேசுவது அந்த வீடுகளின் வழக்கம். பிரெஞ்சு மொழியில் இந்தக் கோட்டுக்கு இன்றும் ‘ஸ்மோக்கிங்’ என்றுதான் பெயர். இன்று விறைப்பான சம்பிரதாய உடையாகத் தெரியும் இது, ஆண்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட சலுகையாகப் பிறந்தது. அதே மேசையில் உட்கார்ந்து உண்ட பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் கார்செட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் விருந்துக்கு வரவேண்டியிருந்தது.

அமெரிக்கப் பெயர் ஓர் ஊரிலிருந்து வந்தது. நியூயார்க் நகருக்கு வடக்கே இருக்கும் டக்ஸிடோ என்ற இடப்பெயர் லெனாபே பழங்குடியினரின் மொழியில் பிறந்தது. அங்கிருந்த காட்டு நிலத்தில், 1886இல், புகையிலைத் தொழிலில் செழித்த குடும்பத்தைச் சேர்ந்த பியர் லொரிலார்ட் வேலியிட்டு, செல்வந்தர்கள் மட்டும் நுழையக்கூடிய ‘டக்ஸிடோ பார்க்’ என்ற குடியிருப்பையும் கிளப்பையும் நிறுவினார். வாலில்லாத கோட்டை அங்கே யார் முதலில் அணிந்தார் என்பதற்குப் பல கதைகள் உண்டு. எதுவானாலும், அந்தக் கிளப்பின் ஆண்களோடு சேர்ந்தே கோட்டுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் சொல் முதலில் வேலி போட்ட நிலத்தின் பெயரானது, பிறகு அந்த வேலிக்குள் இருந்தவர்களின் உடையின் பெயரானது. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வி இந்த உடையின் பெயரிலேயே இருக்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை வேலி அதற்கு முன்பே சட்டமாக இருந்தது. ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி பெறவேண்டும் என்று 1800இல் பாரிஸ் நகரில் ஆணை பிறந்தது. குதிரைச் சந்தைகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் போய் விலங்குகளைப் பார்த்து வரைந்த ஓவியர் ரோசா பொனூர், கால்சட்டை அணிய அந்த அனுமதியை வாங்கித்தான் வேலை செய்தார். 1892இலும் 1909இலும் ஆணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை அணியலாம்! அந்த ஆணைக்கு இனிச் சட்ட மதிப்பு இல்லை என்று பிரான்சின் பெண்ணுரிமை அமைச்சர் அறிவித்தது 2013இல். அமெரிக்காவிலும் பல நகரங்கள் எதிர்பாலினத்தவரின் உடையைத் தடை செய்தன. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1848இலும் சான் ஃபிரான்சிஸ்கோ 1863இலும் இப்படிச் சட்டம் இயற்றின.

மேடைக்கு மட்டும் விலக்கு இருந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இரண்டு பாடகிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது புரியும்.

1930இல் வெளியான ‘மொராக்கோ’ படத்தில் மார்லீன் டீட்ரிச் ஆண்களின் வால் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து பாடுகிறார். பாட்டு முடிந்ததும் பார்வையாளர்களில் ஒரு பெண்ணின் உதட்டில் முத்தமிடுகிறார். அந்தப் படத்துக்காக அவருடைய பெயர் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. திரைக்கு வெளியேயும் அவர் டக்ஸிடோ அணிந்து விழாக்களுக்கு வந்தார். பத்திரிகைகள் முணுமுணுத்தன, அவருடைய புகழ் வளர்ந்தது.

அந்தப் படம் வருவதற்கு முன்பே, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 133ஆம் தெருவின் இரவு விடுதியில் கிளாடிஸ் பென்ட்லி வெள்ளை டக்ஸிடோவும் உயரத் தொப்பியும் அணிந்து பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். 1907இல் பிறந்த கறுப்பினப் பெண். பிரபலமான மெட்டுகளுக்குத் தானே குறும்பான வரிகளை எழுதிப் பாடுவார். பாடிக்கொண்டே எதிரில் இருக்கும் பெண்களைச் சீண்டுவார். பெண்களைக் காதலிப்பதை அவர் ஒளிக்கவில்லை. ஒரு வெள்ளைப் பெண்ணை மணந்துகொண்டதாகவும் சொன்னார். டீட்ரிச்சுக்குப் படம் முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடிய வேடம் அது. பென்ட்லிக்கோ அதுதான் அன்றாட உடை.

1930களின் பிற்பகுதியில் பென்ட்லி கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கால்சட்டை அணிந்து மேடையேறக் காவல்துறையின் தனி அனுமதி தேவைப்பட்டது. பாரிசில் ரோசா பொனூர் வாங்கிய அதே வகைச் சீட்டு, ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில். பிறகு வந்த மெக்கார்த்தி காலத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் நாட்டுக்கே ஆபத்தானவர்களாகச் சித்திரிக்கப்பட்டு வேலைகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1952இல் ‘எபனி’ இதழில் பென்ட்லி ஒரு கட்டுரை எழுதினார். ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டு, தான் மீண்டும் பெண்ணாகிவிட்டதாக அதில் அறிவித்தார். கூடவே வந்த படங்களில் அவர் கவுன் அணிந்து வீட்டு வேலை செய்துகொண்டிருக்கிறார். எட்டு ஆண்டுகளில், 52ஆம் வயதில், அவர் இறந்துபோனார். அந்தக் கட்டுரையில் எது மனத்திலிருந்து வந்தது, எது பயத்திலிருந்து வந்தது என்று பிரிக்க நமக்கு வழியில்லை. ஆனால் பெண்ணாகிவிட்டதை மெய்ப்பிக்க எந்த உடையைக் காட்டவேண்டியிருந்தது என்பது அந்தப் படங்களில் தெளிவாக இருக்கிறது.

ஃபேஷன் வரலாறுகளில் பென்ட்லியின் பெயரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அவற்றில் பெண்களின் டக்ஸிடோ பெரும்பாலும் 1966இல்தான் தொடங்குகிறது, பாரிசில் ஈவ் சான் லோரான் ‘லெ ஸ்மோக்கிங்’ என்ற பெயரில் பெண்களுக்கான டக்ஸிடோவை அறிமுகப்படுத்திய ஆண்டில். பெண்ணுக்கு இந்த உடையைக் கொடுத்தவர் என்று ஓர் ஆண் வடிவமைப்பாளரை அவை கொண்டாடுகின்றன. அவருடைய உயர்விலைப் பதிப்பு அப்போது ஒன்றே ஒன்றுதான் விற்றது. கடைகளுக்கு வந்த குறைந்த விலைப் பதிப்பைத்தான் இளம்பெண்கள் வாங்கினார்கள்.

பணக்காரப் பெண்ணுக்கும் கதவு உடனே திறந்துவிடவில்லை. நியூயார்க்கின் செல்வச் சீமாட்டி நான் கெம்ப்னர் சான் லோரானின் இந்த உடையில் புகழ்பெற்ற உணவகம் ஒன்றுக்குப் போனார். கால்சட்டை அணிந்த பெண்ணுக்கு அனுமதி இல்லை என்று தடுத்தார்கள். அவர் அங்கேயே கால்சட்டையைக் கழற்றிவிட்டு, கோட்டை மட்டும் குட்டை கவுன்போல அணிந்து உள்ளே போனார். தொடை தெரிந்தால் பரவாயில்லை, மூடியிருந்தால்தான் தப்பு! உடைவிதிகள் பெண்ணின் கண்ணியத்தைக் காக்க வந்தவை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

இவையெல்லாம் பழங்கதைகள் என்று நினைக்கவேண்டாம். 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி, ஆண்டிறுதி நடன விருந்துக்கு டக்ஸிடோ அணிந்து தன் தோழியுடன் வர அனுமதி கேட்டார். பள்ளி நிர்வாகம் மறுத்தது; விவகாரம் பெரிதானதும் விருந்தையே ரத்து செய்தது. வழக்கின் முடிவில் 35,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதே மாநிலத்தில் வேறொரு பள்ளி, டக்ஸிடோ அணிந்து படம் எடுத்துக்கொண்ட மாணவியின் படத்தை ஆண்டு மலரில் சேர்க்கவில்லை. அங்கே பையன்களுக்கு டக்ஸிடோ, பெண்களுக்குத் தோளைச் சுற்றிய துணி என்பது விதி. அதுவும் வழக்கானது. இனி எல்லா மாணவர்களும் ஒரே மாதிரிப் பட்டமளிப்பு அங்கி அணிந்து படம் எடுத்துக்கொள்வார்கள் என்று 2011இல் சமரசம் ஏற்பட்டது.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, ஆண் உடையை அணிவதுதான் விடுதலை என்று முடிவுக்கு வரவேண்டியதில்லை. ஆண் உடைதான் உயர்ந்தது என்பது டக்ஸிடோ பார்க்கின் வேலிக்குள் இருந்தவர்களின் எண்ணம். பாடகர் ஜனெல் மோனே நீண்டகாலம் கறுப்பு வெள்ளை டக்ஸிடோவை மட்டுமே அணிந்து மேடையேறியதற்குச் சொன்ன காரணம் வேறு. அவருடைய தாய் துப்புரவுப் பணியாளர். தந்தை குப்பை வண்டி ஓட்டியவர். வளர்ப்புத் தந்தை அஞ்சலகப் பணியாளர். சீருடை அணிந்து உழைத்த அவர்களைப் பெருமைப்படுத்தவே தானும் ஒரு சீருடை அணிவதாக மோனே சொன்னார். இளவரசரின் ஓய்வு நேரத்துக்குத் தைத்த கோட்டு, உழைப்பவர்களின் பிள்ளையிடம் வேலைக்கான உடையாக மாறிவிட்டது.

ஒரே உடைதான். டீட்ரிச்சுக்கு அது புகழ் தந்தது. கெம்ப்னருக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை தந்தது. பென்ட்லியிடம் அவருடைய வாழ்க்கையைக் கேட்டது. பெண்கள் இந்த உரிமையை வென்றார்கள் என்று பாடப்புத்தகம்போல ஒரே வரியில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இனமும் வர்க்கமும் பாலியல் தேர்வும் எந்தப் பெண்ணிடம் எவ்வளவு வசூலித்தன என்ற கணக்கையும் நாம் சேர்த்தே எழுதவேண்டும். அப்படி எழுதினால், பெண்களின் டக்ஸிடோ வரலாறு பாரிஸ் ஃபேஷன் நிறுவனத்தில் தொடங்காது. காவல்துறையின் அனுமதிச் சீட்டோடு பியானோ முன் உட்கார்ந்த கிளாடிஸ் பென்ட்லியும் அதில் இருப்பார்.