பல்கலைக்கழக விழாவும் கோல் பிடித்தோரும்

பல்கலைக்கழகம் என்றதும் நூலகமும் விரிவுரை மண்டபமும் பரீட்சையுமே பலர் மனத்திலும் தோன்றுவன. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்நிறுவனம் ஊரறிய வெளிவருகின்றது. வேந்தர் வருகின்றார், பேராசிரியர் அங்கி அணிந்து வரிசையாகச் செல்கின்றனர், பட்டம் பெறும் பிள்ளையைப் பெற்றோர் கண்கலங்கப் பார்க்கின்றனர். யார் முன்னே நடப்பது, யார் எங்கே அமர்வது, எந்த வாயிலை எப்பொழுது திறப்பது என்பனவற்றை எல்லாம் யாரோ ஒருவர் முன்னரே எண்ணி ஒழுங்கு செய்திருக்கின்றார். விழா செவ்வனே நிறைவேறினால் அவரை எவரும் நினையார்; பிழை நேர்ந்தாலோ எல்லாரும் அவரையே தேடுவர். இத்தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு.

ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களான பொலோஞா, பாரிஸ், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றில் 'பீடில்' எனப்பட்ட ஓர் அலுவலர் இருந்தார். நமது நாட்டுக்கூத்திலே அரசன் வருமுன் வந்து அவன் வரவைச் சாற்றும் கட்டியகாரனை அறிந்தோர்க்கு இவரை விளங்கிக்கொள்ளுதல் எளிது. பல்கலைக்கழகத் தலைவருக்கு முன்னே கோல் ஏந்திச் செல்வது இவர் கடமை. பொலோஞாவிலே வகுப்புத்தோறும் சென்று விடுமுறை நாளையும் வாதம் நிகழும் நாளையும் அறிவித்தவரும் இவரே. ஆசிரியர் மாறுவர், மாணவர் மாறுவர். முறை அறிந்தவராய் நிலைத்து நின்றவர் பீடிலே.

இவர் தம் தொழிலைக் கற்பிக்க வகுப்பும் இல்லை, பேராசிரியரும் இல்லை. முன்னவர் செய்ததைக் கண்டும் கேட்டுமே பின்னவர் கற்றனர். கண்டவர் இறந்தால் கண்டதும் மறையுமன்றோ? இக்குறையை நீக்க முற்பட்டோருள் மத்தேயு ஸ்டோக்கிஸ் என்பார் குறிப்பிடத்தக்கவர். இவர் 16ஆம் நூற்றாண்டிலே கேம்பிரிட்ஜில் பீடிலாகவும் பதிவாளராகவும் பணிபுரிந்தவர். எந்தச் சடங்கில் எவர் எங்கு நின்றார், எது முன், எது பின் என்பவற்றைத் தம் கைப்படக் குறித்து வைத்தார். பின்வந்தோர் அக்குறிப்புகளையே வழிகாட்டியாகக் கொண்டனர்.

1564ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதலாம் எலிசபெத்து இராணியார் கேம்பிரிட்ஜுக்கு எழுந்தருளினார். அப்பொழுது பல்கலைக்கழக வேந்தராக இருந்தவர் இராணியின் அமைச்சர் வில்லியம் செசில். ஒழுங்கும் கல்வியுமாகிய இரண்டும் அரசியாரின் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். நாடகத்திற்கென முதலில் கிங்ஸ் கல்லூரியின் மண்டபத்தில் மேடை அமைக்கக் கருதினர். அவ்விடம் சிறிது, காற்றோட்டம் குறைவு, அரசியார் தங்கிய இடத்திற்கும் தொலைவு என்று கண்டதும் அதனைக் கைவிட்டு, அக்கல்லூரியின் பெரிய தேவாலயத்திலே அகன்ற மேடையை எழுப்பினர். காவலர் தீவட்டி ஏந்தி மேடையருகே நின்று வெளிச்சம் தந்தனர். இறுதியில் நடிக்கவிருந்த நாடகம் ஒன்றை, அரசியார் களைப்புற்றிருந்தமையால், நிறுத்திவிட்டனர். தயாரித்ததைக் காட்டியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் அங்கே எழவில்லை. இடத்தை அளந்து பார்த்தலும், வந்தவர் நிலையறிந்து விட்டுக்கொடுத்தலும் இத்தொழிலின் இரு கண்கள் என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

ஈராண்டின் பின், 1566இல், அரசியார் ஒக்ஸ்போர்டுக்குச் சென்றார். ரிச்சர்ட் எட்வேர்ட்ஸ் இயற்றிய நாடகம் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி மண்டபத்திலே செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு அரங்கேறுவதாக இருந்தது. அதனைக் காண மக்கள் வெள்ளம்போல் திரண்டனர். மண்டபத்துக்கு ஏறும் படிக்கட்டின் ஓரச்சுவர் நெரிசலைத் தாங்காது இடிந்து வீழ்ந்தது. மூவர் உயிரிழந்தனர், வேறு சிலர் காயமுற்றனர். இறந்தவருள் ஒருவர் மாணவர், ஒருவர் கல்லூரிச் சமையற்காரர். அரசியார் தம் வைத்தியரை அனுப்பிக் காயமுற்றோரைக் கவனிக்கச் செய்தார். ஆனால் நாடகம் நிற்கவில்லை, அன்றிரவே நடந்தேறியது.

இச்செய்தி சிந்திக்கத்தக்கது. மண்டபத்தினுள்ளே அரசியாரின் ஆசனத்துக்கும் மேடையின் அலங்காரத்துக்கும் கொடுத்த கவனத்தை வெளியே படிக்கட்டுக்கும் கொடுத்திருந்தால், சமையலறையிலிருந்து நாடகம் காண வந்த அந்த மனிதர் வீடு திரும்பியிருக்கக்கூடும். விழா நடத்துவோர் பெரும்பாலும் பிரதம விருந்தினரின் வழியையே எண்ணிப் பார்க்கின்றனர். பெயரறியாப் பலரின் வழியையும் எண்ணுவதே அவர்தம் முதற்கடமை. எத்தனை பேர் வருவர், எந்த வாயிலால் புகுவர், ஆபத்து வந்தால் எவ்வழியே வெளியேறுவர் என்ற கேள்விகள் மலர்மாலைக்கும் வரவேற்புரைக்கும் முற்பட்டவை.

ஒக்ஸ்போர்டின் பட்டச் சடங்குகள் நெடுங்காலம் தூய மரியாள் தேவாலயத்திலே நடைபெற்றன. ஆரவாரமும் கேலியும் நிறைந்த அச்சடங்குகள் வழிபாட்டிடத்துக்கு ஒவ்வா எனக் கருதிய பேராயர் கில்பேர்ட் ஷெல்டன், தனி மண்டபம் ஒன்றுக்குப் பொருளுதவினார். வானியற் பேராசிரியராயிருந்த கிறிஸ்தோபர் ரென் அதனை வரைந்தார். 1664இல் தொடங்கிய வேலை 1669இல் நிறைவெய்தியது. கூரையின் அகலம் ஏறத்தாழ 70 அடி. நடுவே தூண் ஒன்றேனும் இல்லை. எந்த மூலையில் அமர்ந்தாலும் நடுவில் நிகழ்வது தெரியவேண்டும் என்ற நோக்கமே கட்டடமாக உருப்பெற்றது எனலாம்.

ஸ்டோக்கிஸ் தொடங்கிய குறிப்பெழுதும் மரபும் அறுபடவில்லை. கேம்பிரிட்ஜில் அடம் வோல் என்பவர் செனட் மண்டபச் சடங்குகளை விளக்கி 1798இல் நூல் வெளியிட்டார். 1789 முதல் 1854இல் இறக்கும்வரை பீடிலாக இருந்த ஹென்றி கன்னிங், அந்நூலைத் திருத்தி விரித்து 1828இல் வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பணியில் நின்ற ஒருவர், தாம் கற்றதைத் தம்மோடு கொண்டு போகாமல் பிறர்க்கு விட்டுச் சென்றது போற்றத்தக்கது.

இம்மரபு இலங்கைக்கும் வந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் உபவேந்தராக அமர்ந்த ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் கற்றவர். பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்த பின்னர், 1954 ஏப்ரில் 20ஆம் திகதி, இரண்டாம் எலிசபெத்து இராணியாரின் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் அதனைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தார். முதலாம் எலிசபெத்து கேம்பிரிட்ஜுக்குச் சென்று 390 ஆண்டுகளின் பின், அப்பெயர் தாங்கிய மற்றோர் அரசியார் மகாவலிக் கரையில் ஒரு பல்கலைக்கழக விழாவில் அமர்ந்திருந்தார்.

இன்று பல்கலைக்கழகங்களில் விழா ஒழுங்கமைப்பு தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. அதிற் புகும் இளைஞர்க்குக் கணினியும் கணக்கும் வேண்டியவையே. அவற்றோடு, ஒவ்வொரு விழா முடிந்த மறுநாளே, நடந்ததையும் நடவாது போனதையும் மறையாது எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும். அடுத்த ஆண்டு அப்பொறுப்பை ஏற்பவர் அதனைப் படிப்பார். விழாத் தொடங்குமுன் மேடையைப் பார்த்துவிட்டு, ஒருமுறை படிக்கட்டையும் இறங்கிப் பார்ப்பார்.