லயம்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் பல ஒரே கூரையின்கீழ்ச் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நெடிய கட்டடத்திற்கு வழங்கும் பெயர் லயம். லயன் என்பதும் உண்டு. பூண்டுலோயா, இறம்பொடை, லபுக்கலை முதலிய இடங்களை உள்ளடக்கிய கொத்மலைப் பிரதேசத்தில், மேட்டு லயம், பணிய லயம் என்று சொல்லித்தான் ஒருவர் குடியிருக்குமிடத்தை அடையாளங் காட்டுவார்கள்.

சங்கீத வித்துவான்கள் காலப் பிரமாணத்தைக் குறிக்க வழங்கும் லயம் என்னும் வடசொல்லுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லே இதன் மூலம். இந்தியாவில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளுக்கு ஆங்கிலேயர் இட்ட அப்பெயர், தோட்டத்துரைமாரோடு மலையேறிக் 'கூலி லைன்' ஆகி, தமிழர் நாவில் லயமாகத் திரிந்தது. குதிரை கட்டும் லாயமே லயமாயிற்று என்பாரும் உளர். சொல்லாராய்ச்சிக்கு அது ஒவ்வாது, எனினும் அவ்விளக்கத்தைப் பிறப்பித்த மனத்தாங்கலை அசட்டை செய்வதற்கில்லை.

தேயிலைக்கு முன் மலையகத்தில் விளைந்த காப்பிப் பயிர் பருவத்துக்குப் பருவம் ஆள் வேண்டியதாகையால், அக்காலத்துக் கொட்டகைகள் பெரும்பாலும் வந்துபோவோருக்கே அமைந்தன. 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிய, 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் துரை பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய அப்பயிர் குடும்பங்களையே மலையில் நிலைநிறுத்தியதால், லயமும் நிலையான கட்டடமாயிற்று. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறை. அதன் முன்னே ஒடுங்கிய திண்ணை. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகாக மற்றொரு வரிசை. அவ்வறையைக் காம்பரா என்பர், அது போர்த்துக்கீசியச் சொல். திண்ணையை இஸ்தோப்பு என்பர், அது ஒல்லாந்தர் சொல். குடியிருப்போர் தமிழராயிருக்க, குடியிருப்பும் அதன் அங்கங்களும் மூன்று அந்நிய பாஷைகளின் பெயர் தாங்கி நிற்பது விசித்திரந்தான்.

இதுபோலப் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த சென்னையின் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகையைப் பணமாகக் கொடுத்தனர். லயத்திலோ உழைப்பே வாடகை. வேலைப் பதிவேட்டில் பெயர் நீங்கினால் காம்பராவும் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் தலைமுறைகளாக நிலவியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. முதலாளி மாறினாரேயன்றி லயம் மாறவில்லை.

அண்மைக் காலத்தில் இந்திய அரசின் உதவியோடு தனித்தனிக் காணியில் வீடுகள் கட்டித் தரப்பட்டு வருகின்றன. அவற்றைத் தோட்டத்து மக்கள் லயம் என்று சொல்வதில்லை, 'தனிவீடு' என்கிறார்கள்.