ஒயின் ஷாப்பில் ஒரு ஆராய்ச்சி

எங்கள் பாலசமுத்திரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், பெரிய வைத்தியம் என்றால் எங்களுக்கு வேலூர்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்ததும் அதே வேலூர் சி.எம்.சி.யில்தான் என்பதை, கடல் தாண்டி வந்து பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு ரயிலேறி காட்பாடி போனார். சோதித்ததில் ஆறு பேருக்குக் கிருமி இருந்தது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. பரவாமல் தடுப்பது எப்படி? தடுப்பூசி கிடையாது (இன்றும்தான்). அன்று கையில் இருந்தது ஆணுறையும் பேச்சும். பேச்சு பலிக்கிறதா என்று எப்படி அளப்பது?

சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், 2000களில் அதில் இறங்கியது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே என்று ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு அது. யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்களோ, அவர்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, அரட்டைக்கு நடுவே விஷயத்தைச் சொல்ல வைப்பது. ஜெஃப்ரி கெல்லி என்பவர் அமெரிக்கச் சிற்றூர்களின் பார்களில் சோதித்துப் பார்த்த வழி. சென்னையில் அதற்குக் கிடைத்த இடம், குடிசைப் பகுதி ஒயின் ஷாப்புகள்!

நேரே ஆரம்பித்துவிடவில்லை. யார் எங்கே கூடுகிறார்கள் என்று முதலில் கவனித்தார்கள். கேள்விகளைச் சிறு அளவில் சோதித்தார்கள். அந்தரங்கக் கேள்விக்கு மனுஷர் முகம் பார்த்துப் பதில் சொல்ல கூச்சமாயிற்றே? ஹெட்போன் மாட்டி கம்ப்யூட்டரிடமே சொல்ல வைத்தும் பார்த்தார்கள்.

முடிவு 2010-ல் வந்தது. 18,000 பேருக்கு மேல், இரண்டு வருஷம். பயிற்சி நடந்த இடங்களில் ஆபத்தான நடத்தை சுமார் 33 சதவீதம் குறைந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், பயிற்சியே இல்லாத இடங்களிலும் அதே அளவு குறைந்திருந்தது!

அப்படியானால் தோல்வியா? ஒப்பீட்டு இடங்களிலும் பரிசோதனை, ஆலோசனை, பால்வினை நோய்க்குச் சிகிச்சை எல்லாம் கொடுத்திருந்தார்கள். அவரவர் வாயால் சொன்ன கணக்கு என்பதும் உண்மை. ஆனாலும் எனக்குப் படுவது இதுதான்: இரண்டு பக்கமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, திட்டாமல் கேட்டிருக்கிறார். அதுவே பாதி மருந்து.

இன்று எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்த மாத்திரை இருக்கிறது, வராமல் தடுக்கவும் மாத்திரை இருக்கிறது. ஆனால் வாய் திறந்து கேட்டால்தானே கிடைக்கும்? குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வேலைக்கு வரும் ஆண்களும், இங்கேயே வளரும் நம் பிள்ளைகளும் இதை யாரிடம் கேட்பார்கள்? ஒயின் ஷாப்பில் பேச முடிந்ததை நம் வீட்டுக் கூடத்தில் பேச முடியவில்லை என்றால் எப்படி?