கிடார் கற்றவர்கள் யாரிடம் வாசித்துக் காட்டினார்கள்?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் கிடார் கற்று வருவது உங்களில் பலருக்குத் தெரியும். எங்களைப் போல் கற்கும் பதினோரு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். தினமும் ஒரு நிமிடம், அன்று பழகியது எப்படி வந்ததோ அப்படியே பதிவு செய்து குழுவில் போடுவோம். இதைப் பார்த்த நண்பர் ஒருவர், "சார், நன்றாக வந்த பிறகு போடலாமே? அரைகுறையாக ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்பதால், எனக்கு முன்னால் கற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் மரபு. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் கற்கத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறினாள். அரங்கேற்றம் என்றால் முடிந்ததைக் காட்டுவது. அந்த ஒரு நாள்தான் காப்பியத்தில் விரிவாக வருகிறது. ஆனால் ஏழாண்டுப் பயிற்சி யார் காதிலும் விழாமலா நடந்திருக்கும்? ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள், வீடு கேட்டிருக்கும். பிற்காலத்தில் நாகஸ்வரக்காரர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து செய்த அசுர சாதகத்தைத் தெருவே கேட்டது. எந்தப் பையன் எந்த வர்ணத்தில் திணறுகிறான் என்பது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். அரங்கேற்றம் சபைக்கு, சாதகம் தெருவுக்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிடாருக்கு வருவோம்.

ஐரோப்பியக் கருவியான கிடாரை முறையாகக் கற்க விரும்பிய சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வழிகளில் ஒன்று, லண்டனிலிருந்து வந்த தேர்வு. 1872-ல் லண்டனில் தொடங்கிய டிரினிட்டி இசைக் கல்லூரி, 1877 முதல் கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் தேர்வு நடத்தத் தொடங்கியது. கல்லூரியின் படியை மிதிக்காமலேயே அதன் தேர்வை எழுதலாம். எங்கோ இருந்து வரும் தேர்வாளர் முன் குறித்த பாடல்களை வாசித்துக் காட்ட வேண்டும். அவர் மதிப்பெண்ணோடு இரண்டு வரி குறிப்பும் எழுதிக் கொடுப்பார். சென்னையில் இத்தேர்வுகளோடு நெடுங்காலமாகத் தொடர்புடைய இடம் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல். 1842-ல் மிஸ்குயித் என்ற பெயரில் தொடங்கிய பழைய இசைக் கடை அது.

யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத, கடல் கடந்த ஒருவருக்கு நம் வாசிப்பைக் காட்டிக் கருத்துக் கேட்பது செல்போனோடு வந்த பழக்கம் இல்லை. அது கிட்டத்தட்ட 150 ஆண்டுப் பழக்கம். ஆனால் அதுவும் ஒருவகை அரங்கேற்றம்தான். ஆண்டுக்கு ஒருநாள், முடிந்ததை மட்டும் காட்டுவது.

அப்படியென்றால் சாதகத்தைக் கேட்டது யார்? அதற்கு மயிலாப்பூர் போக வேண்டும்.

மயிலாப்பூர் சாயி லாட்ஜில் ஓர் அறையில் வாழ்ந்தவர் தன்ராஜ் மாஸ்டர். மேற்கத்திய இசையும் அதன் எழுத்து முறையும் கற்றுத் தேர்ந்தவர். சினிமா இசைக் குழுக்களில் வாசிக்க வந்த இளைஞர்கள் பலருக்கு அந்த அறைதான் பள்ளிக்கூடம். 1960-களின் இறுதியில் அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் பண்ணைப்புரத்து ராசய்யா. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தவர். கச்சேரி அனுபவத்துக்குக் குறைவில்லை. தாளில் எழுதிய இசையைப் படிப்பதும், மேற்கத்திய இசையின் இலக்கணமும்தான் அவருக்குத் தேவைப்பட்டன. அவற்றை மாஸ்டரிடம் கற்றார். டிரினிட்டியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களிடம் கிடார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. ராசய்யா இளையராஜா ஆன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எல்லோரும் தங்கப் பதக்கத்தைச் சொல்கிறார்கள். ஆசிரியராக இருந்த எனக்கு அந்த லாட்ஜ் அறைதான் முக்கியமாகப் படுகிறது. பதக்கம் ஒருநாள் விஷயம். தப்பு வந்தால் அங்கேயே திருத்துகிற காது ஒன்று பக்கத்தில் இருந்தது பாருங்கள், அது பல நாள் விஷயம். பின்னாளில் ஏ.ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டவர்தான்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவு முறையையும் சொல்ல வேண்டும். பாடகர், வயலின்கள், தபலா, கிடார் எல்லாம் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவாகும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து நிலாப் பாட்டின் கிடாரை நினைத்துப் பாருங்கள். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். தமிழ்நாட்டில் கிடாரைக் கையில் எடுத்த பாதிப் பேர் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பாட்டைத்தான். கேட்கும்போது நீரோடை மாதிரி இருக்கும். விரல் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருந்திருக்கும் என்று புரியும்.

இனி கொஞ்சம் வெளிநாடு.

1957-ல் இங்கிலாந்தில் பெர்ட் வீடன் என்ற கிடார் கலைஞர், ஒரே நாளில் வாசிக்கலாம் என்று தலைப்பிலேயே ஆசை காட்டும் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது. எரிக் கிளாப்டன் போன்ற பெரிய கலைஞர்கள் அதை வைத்துத் தொடங்கியவர்கள். ஆனால் புத்தகம் மட்டும் போதவில்லை. லிவர்பூல் நகரத்தில் சில பையன்களுக்கு பி7 என்ற ஒரு கார்டு மட்டும் பிடிபடவில்லை. ஊரின் மறுகோடியில் ஒருவருக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இதைப் பல பேட்டிகளில் சொன்னவர் பால் மெக்கார்ட்னி. அந்தப் பையன்கள்தான் பின்னாளில் பீட்டில்ஸ்!

ஒரு கார்டுக்காக ஒரு பஸ் பயணம். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த பி7 ஒருவருக்குத் தெரிந்தால் மறுநாள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். குழு என்பதற்கு அதுதான் பொருள்.

நம் திருப்பூருக்கு வருகிறேன். 1925-ல் குலாம் காதர் சாகிப் பேபி நிட்டிங் தொடங்கியதிலிருந்து நம் ஊர்ப் பனியன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வியாபாரிகள் வந்ததையும் ஏற்றுமதி பெருகியதையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் மாரியம்மன் பூச்சாட்டிலும் தேர்த் திருவிழாவிலும் கல்யாண வீடுகளிலும் விடிய விடிய வாசித்த மெல்லிசைக் குழுக்களை யார் எழுதினார்கள்? பகலில் ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் உட்கார்ந்தவர்கள், இரவில் மேடையில் கிடாரோடு நின்றார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, அதில் மிச்சம் பிடித்துக் கம்பி வாங்கியவர்கள் அவர்கள். கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிடார் அவர்களுக்குப் பெரிய சொத்து. நோட்ஸ் புத்தகம் கிடையாது. டேப் ரிக்கார்டரில் பாட்டை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, காதால் பிடித்து, நாற்பது பக்க நோட்டில் கார்டு எழுதி வைத்தார்கள். அந்த நோட்டுதான் குழுவுக்குள் கைமாறும். தவறு இருந்தால் ஒருவர் அடித்துத் திருத்துவார், அடுத்தவர் அதையும் அடித்துத் திருத்துவார்.

கம்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. பனியன் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி. கிளாசிக்கல் கிடாருக்கு ஒரு காலத்தில் ஆட்டுக் குடலில் திரித்த நரம்புதான் போடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட்டது. கிடார்க்காரர்கள் தவித்தார்கள். 1935-ல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் கைகொடுத்தது. 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்து பரபரப்பை உண்டாக்கியது அதே நைலானில் பின்னிய பெண்கள் காலுறை. அதாவது, நம் தொழிலின் உறவுக்காரச் சரக்கு! போருக்குப் பின், நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கருவிக் கலைஞர் அதே நைலானில் கிடார் நரம்பு செய்தார். ஸ்பெயின் மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் உலகமே மாறிவிட்டது. என்னைப் போல் அறுபதைத் தாண்டியவர்கள் இரும்புக் கம்பியில் விரல் கிழியாமல் தொடங்க முடிவது இந்த நைலானால்தான்.

விரல் வலி சின்ன விஷயமில்லை. ஃபெண்டர் என்ற பெரிய கிடார் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி, புதிதாக வாங்குபவர்களில் 90 சதவீதம் பேர் முதல் ஆண்டுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். விற்பவரே சொன்ன கணக்கு. பத்துப் பேரில் ஒன்பது கிடார் கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ போய்விடுகிறது. மிஞ்சுகிற அந்த ஒருவர் எப்படி மிஞ்சுகிறார்? திறமை என்பார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், திறமை இரண்டாவதுதான். இன்று எழுதியதை இன்றே ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்த பிள்ளை நாளையும் எழுதும்.

இந்த இடத்தில்தான் செல்போன் காலம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடார் பாடம் வைத்திருக்கிறார். உலகம் முழுவதும் மாணவர்கள். 2017-ல் அமெரிக்க வயலின் மேதை ஹிலாரி ஹான் ஒரு காரியம் செய்தார். நூறு நாள் தொடர்ந்து தன் பயிற்சியை அப்படியே படம் பிடித்து வெளியிட்டார். கச்சேரியை அல்ல, பயிற்சியை. கடினமான ஓர் இடத்தை மெதுவாக, துண்டு துண்டாக, திரும்பத் திரும்ப வாசிக்கிறார். கிராமி விருது வாங்கியவருக்கே ஓர் இடம் உடனே வருவதில்லை என்று பார்த்ததும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் நூறு நாளைத் தொடங்கினார்கள். பிறகு 2020-ல் ஊரடங்கு. வீட்டுக்குள் முடங்கிய உலகம் கிடாரைத் தேடியது. அந்த ஆண்டு தங்கள் வரலாற்றிலேயே அதிக விற்பனை என்று ஃபெண்டர் அறிவித்தது.

ஹிலாரி ஹான் செய்ததைப் புதுமை என்கிறார்கள். எனக்கு அது நாகஸ்வரக்காரர் தெருவாகத்தான் தெரிகிறது. நடுவில் ஒரு காலம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினோம், முடிந்ததை மட்டும் காட்டினோம். இப்போது கதவு மறுபடி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆசிரியர் பாஷையில் சொன்னால், தேர்வும் அரங்கேற்றமும் முழு ஆண்டுப் பரீட்சைத் தாள். தினசரிப் பகிர்வு நான்கு கோடு நோட்டு. பரீட்சைத் தாளில் மதிப்பெண் தெரியும். நோட்டைப் புரட்டினால்தான் பிள்ளை வளர்ந்தது தெரியும். ஜூன் மாதத்து 'அ'வையும் டிசம்பர் மாதத்து 'அ'வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெற்றோர் முகத்தில் வரும் மகிழ்ச்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர் ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்குமேல்தான் கிடாரைத் தொடுவார். லைன் வீடு. சத்தம் வரக் கூடாதென்று கம்பிக்கு அடியில் பனியன் வேஸ்ட்டைச் செருகி வாசிப்பார். அவருக்கு எஃப் கார்டு வர நான்கு மாதம் ஆயிற்று. வந்த அன்று இரவு பதினொன்றரை மணிக்குக் குழுவில் பத்துப் பேரும் விழித்திருந்து கேட்டோம். அந்த நான்கு மாதத்தின் தவறுகளைக் கேட்டிருந்ததால்தான் அன்றைய பத்து வினாடியின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. முடிந்த பிறகு மட்டும் போட்டிருந்தால் அது வெறும் எஃப் கார்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விருப்பக்குறி எண்ணுவதற்காகப் பகிர்ந்தால் பயிற்சி கெடும். நன்றாக வருகிற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடத் தோன்றும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: "சூப்பர்" என்று மட்டும் எழுதக் கூடாது. எந்த இடம் தேறியிருக்கிறது, எந்த இடம் தாளம் ஓடுகிறது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். சாயி லாட்ஜ் அறையில் கிடைத்தது அதுதானே?

நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நன்றாக வந்த பிறகு காட்டலாம் என்று காத்திருந்தவர்களின் கிடார்தான் பரண் மேல் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 70-களிலும் 80-களிலும் திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் கிடார் வாசித்தவர்களுக்கு இன்று எழுபது வயது இருக்கும். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி யாராவது இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். யாரிடம் கற்றார்கள், முதல் கிடார் என்ன விலை, எந்தக் கோயில் மேடையில் முதலில் ஏறினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போவதற்குள் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வரலாறு பனியனில் மட்டும் இல்லை.